கடல் தாண்டும் பட்டங்கள்!

நம் பிள்ளைகள் வாங்கும் பட்டத்தை வெளிநாட்டில் யார் எடை போடுகிறார்கள்? எப்படி எடை போடுகிறார்கள்?

திருச்சியில் புத்தூர் என்றதும் இரண்டு விஷயங்கள் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஒன்று, பெரிய ஆஸ்பத்திரி. இன்னொன்று, 1966-ல் அங்கே தொடங்கிய பிஷப் ஹீபர் கல்லூரி.

காலை நேரத்தில் புத்தூர் நால் ரோட்டில் நின்று பார்த்தால், பஸ்ஸை விட்டு இறங்கும் கூட்டத்தில் பாதிக்கு மேல் மாணவர்களும் மாணவிகளும்தான். திருச்சியைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து வருகிறவர்கள் அவர்களில் ஏராளம்.

இவர்களில் பலருக்கு ஓர் ஆசை உண்டு. படித்து முடித்ததும் கனடாவுக்குப் போக வேண்டும். அல்லது ஜெர்மனிக்கு, அமெரிக்காவுக்கு, இங்கிலாந்துக்குப் போக வேண்டும்.

"பெண் பி.எஸ்ஸி. பாஸ் செய்துவிட்டாள். அதுவும் முதல் வகுப்பு! வெளிநாட்டில் மேல் படிப்பு படிக்க வைத்தால் என்ன?" என்று அப்பா கணக்குப் போடுகிறார். அம்மா கை வளையலைக் கழற்றிக் கொடுக்கத் தயாராக இருக்கிறாள்.

நல்லதுதான். ஆனால் அந்த வெளிநாட்டுக்காரர் ஒரு கேள்வி கேட்பார்.

"உன் பட்டம் எங்கள் நாட்டுப் படிப்பில் எதற்குச் சமம்?"

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் இல்லாவிட்டால், வளையலும் போய்விடும், வருஷமும் போய்விடும்!

உரைகல் எதற்கு?

ஆசாரியிடம் ஒரு நகையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன செய்கிறார்? "பார்க்கப் பளபளவென்று இருக்கிறதே" என்று உடனே பணம் கொடுத்துவிடுகிறாரா? உரைகல்லில் உரைத்துப் பார்க்கிறார். பிறகு நிறுத்துப் பார்க்கிறார்.

பட்டத்துக்கும் அப்படித்தான். உலகத்தில் ஒவ்வொரு நாட்டிலும் படிப்பு ஒவ்வொரு விதம். ஒரு நாட்டில் 3 வருஷம் படித்தால் பட்டம். இன்னொரு நாட்டில் 4 வருஷம். ஓரிடத்தில் 100-க்கு 60 வாங்கினால் முதல் வகுப்பு. வேறோரிடத்தில் அதே 60 வாங்கியவன் தட்டுத் தடுமாறிப் பாஸ் செய்தவன்.

ஆகவே, ஒரு நாட்டுப் படிப்பை இன்னொரு நாட்டு அளவில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். இதற்கென்றே ஸ்தாபனங்கள் இருக்கின்றன. இந்த வேலைக்கு "கல்வித் தகுதி மதிப்பீடு" என்று பெயர்.

அமெரிக்காவில் 1974-ல் தொடங்கிய டபிள்யூ.இ.எஸ். என்ற ஸ்தாபனம் இவற்றில் பெயர் பெற்றது. லாப நோக்கம் இல்லாதது. கனடாவிலும் அதற்கு அலுவலகம் உண்டு. ஜெர்மனியில் இந்த வேலையைச் செய்யும் மத்திய அலுவலகத்தின் ஆரம்பம் 1905. இங்கிலாந்தில் யு.கே. எனிக் என்ற அமைப்பு இதைச் செய்கிறது. அமெரிக்க சர்க்கார் இதைத் தன் கையில் வைத்துக்கொள்ளவில்லை. தனியார் ஸ்தாபனங்களிடம் விட்டுவிட்டது.

உறை பிரியக் கூடாது!

புத்தூர்க் கல்லூரி ஒன்றில் பி.எஸ்ஸி. படித்த பெண் கனடாவில் குடியேற மனுப் போடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

படிப்புக்கும் மார்க்கு போட்டு ஆள் எடுக்கும் திட்டம் கனடாவில் உண்டு. வெளிநாட்டில் படித்த படிப்புக்கு அந்த மார்க்கு வேண்டுமானால் மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். 2013-லிருந்து இந்த விதி இருக்கிறது. கனடா சர்க்கார் குறித்துக் கொடுத்திருக்கும் ஸ்தாபனங்களில் ஒன்றுதான் அந்த அறிக்கையைக் கொடுக்கலாம். அறிக்கை 5 வருஷத்துக்குச் செல்லும்.

அவள் தன் சர்டிபிகேட்டின் நகலை அனுப்பிவிட்டால் போதுமா? போதாது.

மார்க்கு விவரம் முழுவதையும் கல்லூரியோ பல்கலைக்கழகமோ தாங்களே உறையில் போட்டு, ஒட்டி, முத்திரை வைத்து நேராக அனுப்ப வேண்டும். அல்லது கம்ப்யூட்டர் மூலம் நேராக அனுப்ப வேண்டும். நடுவில் மாணவி அந்த உறையைப் பிரித்துவிட்டால் அது செல்லாது.

"என்ன, நம்மைத் திருடன் என்று நினைக்கிறானா?" என்று சிலருக்குக் கோபம் வரும்.

கோபப்பட வேண்டியதில்லை. போலி சர்டிபிகேட் அடித்துக் கொடுக்கும் கும்பல்கள் எல்லா நாட்டிலும் இருக்கின்றன. அதனால்தான் மதிப்பிடுகிறவர் நம் கையில் இருக்கும் காகிதத்தை நம்புவதில்லை. "இதைக் கொடுத்தவர் யார்? அவரே சொல்லட்டும்" என்கிறார்.

வெளிநாட்டு மதிப்பீட்டின் அடிப்படை ரகசியம் இதுதான். உங்கள் பட்டத்துக்கு எவ்வளவு மதிப்பு? அதைக் கொடுத்தவர் எழுந்து நின்று "ஆம், நான்தான் கொடுத்தேன்" என்று சொல்லும் அளவுக்குத்தான் மதிப்பு!

கொடுத்தவர் யார்?

"இது என்ன பெரிய கேள்வி? படித்த கல்லூரிதான் கொடுத்தது" என்று நினைப்பீர்கள். திருச்சிக்காரர்கள் பலர் ஏமாறும் இடம் இதுதான்.

பெரும்பாலான கல்லூரிகள் பாடம் நடத்துகின்றன. பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம். தன்னாட்சி பெற்ற கல்லூரியாக இருந்தால் பரீட்சையைக் கல்லூரி நடத்தும். மார்க்கு பட்டியலும் கொடுக்கும். பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும்.

திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம் தொடங்கியது 1982-ல். அதற்கு முன்பு திருச்சிக் கல்லூரிகள் எல்லாம் 1857-ல் பிறந்த சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. அப்துல் கலாம் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பவுதிகம் படித்து 1954-ல் பட்டம் பெற்றார். அது சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம். அந்தக் காலத்துப் பட்டத்துக்கு அத்தாட்சி வேண்டும் என்றால் சென்னைச் சேப்பாக்கத்துக்குத்தான் போக வேண்டும்.

துவாக்குடி என்ஜினீயரிங் கல்லூரி கதை இன்னும் சுவையானது. 1964-ல் அது மண்டல என்ஜினீயரிங் கல்லூரியாகப் பிறந்தது. முதலில் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம். பிறகு பாரதிதாசன் பல்கலைக்கழகப் பட்டம். 2003-ல் அது என்.ஐ.டி. ஆயிற்று, அதன் பிறகு அதுவே பட்டம் கொடுக்கிறது. ஒரே வளாகம், ஒரே வகுப்பறை. பட்டம் கொடுத்த கை மட்டும் மூன்று!

2007-ல் திருச்சியில் தனியாக ஓர் அண்ணா பல்கலைக்கழகம் பிறந்தது. பின்னால் அது சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தோடு சேர்க்கப்பட்டுவிட்டது. அந்த இடைக்காலத்தில் படித்தவர்கள், இன்று தங்கள் பத்திரங்களுக்கு யார் பொறுப்பு என்று விசாரித்துக்கொண்டு மனுப் போடுவது நல்லது.

ஆகவே, மனுவில் எழுதும் முன்பு பட்டத்தை எடுத்துப் பாருங்கள். மேலே என்ன பெயர் அச்சாகியிருக்கிறதோ, அந்தப் பெயரையே எழுதுங்கள். கல்லூரியின் இன்றைய பெயரை எழுதினால் அங்கே குழப்பம் வரும், மனு நின்றுவிடும்.

அப்பா பெயர் படுத்தும் பாடு

தமிழர்களுக்கென்றே இன்னொரு தொல்லை உண்டு. அதுதான் இனிஷியல்!

பள்ளிக்கூட சர்டிபிகேட்டில் "எஸ். கவிதா". கல்லூரியில் "கவிதா எஸ்.". பாஸ்போர்ட்டில் "கவிதா சுப்பிரமணியன்". கல்யாணத்துக்குப் பிறகு புதுப் பாஸ்போர்ட்டில் புருஷன் பெயர்.

நமக்கு இவை எல்லாம் ஒரே கவிதா. டொரன்டோவில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவுக்கு நான்கு கவிதா! குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கத்தில் வளர்ந்தவருக்கு "எஸ்." என்றால் என்னவென்று எப்படித் தெரியும்?

பெயர் மாற்றத்துக்கு அரசிதழ் அறிவிப்போ, கல்யாணச் சான்றோ, "இந்த நான்கு பெயரும் ஒருவருடையதே" என்ற பிரமாணப் பத்திரமோ கேட்பார்கள். பத்தாம் வகுப்பு சர்டிபிகேட்டில் என்ன பெயர், என்ன எழுத்துக் கூட்டு இருக்கிறதோ அதையே கடைசி வரை வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை தீரும்.

மூன்று வருஷமா? நான்கு வருஷமா?

நம் ஊர் பி.ஏ., பி.எஸ்ஸி., பி.காம். எல்லாம் வழக்கமாக 3 வருஷப் படிப்பு. அமெரிக்காவில் பட்டப் படிப்பு 4 வருஷம்.

இதனால் சில பல்கலைக்கழகங்கள் நம் 3 வருஷப் பட்டத்தை முழுப் பட்டமாக ஏற்றுக்கொள்கின்றன. சில, "3 வருஷம் படித்திருக்கிறாய், இன்னும் ஒரு வருஷம் படித்துவிட்டு வா" என்கின்றன. ஒரே பட்டத்தை இரண்டு ஸ்தாபனங்கள் இரண்டு விதமாக எடை போடுவதும் உண்டு. இதில் மோசடி ஒன்றும் இல்லை. அவரவர் தராசு அவரவருக்கு!

மார்க்கு விஷயத்தில் பயப்பட வேண்டாம். நம் ஊரில் 60 மார்க்கு முதல் வகுப்பு என்பது மதிப்பிடுகிறவர்களுக்குத் தெரியும். நம் நாட்டு அளவை வைத்துத்தான் தங்கள் நாட்டு அளவுக்கு மாற்றுகிறார்கள்.

எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போகப் போகிறோமோ, அவர்கள் எந்த ஸ்தாபனத்தின் அறிக்கையை ஏற்பார்கள் என்று முதலில் கேளுங்கள். பணம் கட்டுவது அதற்குப் பிறகு!

ஜெர்மனியில் இன்னொரு வழி. அனாபின் என்று ஒரு பெரிய பட்டியல் வைத்திருக்கிறார்கள். உலகத்துப் பல்கலைக்கழகங்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. "எச் பிளஸ்" என்று குறி இருந்தால் ஏற்கத் தக்கது. "எச் மைனஸ்" என்றால் ஏற்க மாட்டார்கள். யாரும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். மேலும், 2022 நவம்பர் 1 முதல் ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் இந்திய மாணவர்கள் விசாவுக்கு முன்பு ஏ.பி.எஸ். என்ற அலுவலகத்தின் சான்றும் வாங்க வேண்டும் என்ற விதி வந்தது. சர்டிபிகேட்டுகள் உண்மையானவைதானா என்று பார்த்துக் கொடுக்கும் சான்று அது.

முத்திரை வேறு, மதிப்பு வேறு

"அப்போஸ்டில் வாங்கிவிட்டோம். இனி கவலை இல்லை" என்று சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்.

அப்போஸ்டில் என்பது என்ன? 1961-ல் ஹேக் நகரில் பல நாடுகள் ஓர் ஒப்பந்தம் செய்தன. ஒரு நாட்டுப் பத்திரத்தில் இருக்கும் கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று அந்த நாட்டு சர்க்கார் ஒரு சான்று ஒட்டிக் கொடுத்தால், மற்ற நாடுகள் ஏற்றுக்கொள்ளும். இந்தியாவில் இது 2005 ஜூலையில் அமலுக்கு வந்தது. டெல்லி வெளியுறவு இலாகா இதைக் கொடுக்கிறது. ஒப்பந்தத்தில் சேராத நாடுகளுக்குப் போகிறவர்கள் அந்த நாட்டுத் தூதரகத்தில் கையெழுத்து வாங்க வேண்டும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கையெழுத்து உண்மை என்றுதான் அப்போஸ்டில் சொல்கிறது. படிப்பு எதற்குச் சமம் என்று அது சொல்வதில்லை. நகைக்கடை ரசீது உண்மை என்பதால் நகை பத்தரை மாற்று ஆகிவிடுமா?

அதேபோல, மதிப்பீட்டு அறிக்கை கிடைத்துவிட்டால் வேலை கிடைத்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். டாக்டர், நர்ஸ் போன்ற தொழில்களுக்குத் தனியாக லைசென்ஸ் உண்டு. இங்கே பல வருஷம் வேலை பார்த்த நர்ஸ் கூட அமெரிக்காவில் என்.சி.எல்.இ.எக்ஸ். என்ற பரீட்சையில் பாஸ் செய்தால்தான் அங்கே நோயாளியைத் தொடலாம்.

திரும்பி வருகிறவர்கள்

இதுவரை இங்கிருந்து போகும் பட்டங்களைப் பார்த்தோம். அங்கிருந்து வரும் பட்டங்களை நாமும் எடை போடுகிறோம்!

1925-ல் தொடங்கிய இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நெடுங்காலம் இந்த வேலையைச் செய்தது. 2025 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழுவான யூ.ஜி.சி. புது விதிகள் வெளியிட்டு, இந்தப் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டது. பட்டம் கொடுத்த ஸ்தாபனம் அந்த நாட்டில் அங்கீகாரம் பெற்றதா? மாணவர் சேர்ந்தபோது இருந்த தகுதி இங்குள்ள தகுதிக்கு ஒத்து வருகிறதா? இவற்றைப் பார்த்துச் சமம் என்று சான்று கொடுப்பார்கள்.

மருத்துவம், நர்சிங், மருந்தியல், சட்டம் போன்ற படிப்புகள் இந்த விதிகளில் வருவதில்லை. அவற்றுக்குத் தனிக் கவுன்சில்கள் இருக்கின்றன.

அதிலும் டாக்டர் படிப்புதான் குடும்பங்களைக் கலங்க வைப்பது. நிலத்தை விற்று, கடன் வாங்கி, பிள்ளையை வெளிநாட்டுக்கு டாக்டர் படிப்புக்கு அனுப்புகிறவர்கள் நம் ஜில்லாக்களிலும் உண்டு. அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை:

போவதற்கு முன்பு நீட் பரீட்சையில் தேறியிருக்க வேண்டும்.

2021 நவம்பரில் வந்த விதிகளின்படி, படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் கற்பிக்க வேண்டும். அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சியும் பெற வேண்டும்.

அந்தப் படிப்பை வைத்து, படித்த நாட்டிலேயே டாக்டர் தொழில் செய்ய உரிமை கிடைக்க வேண்டும். "இது வெளிநாட்டு மாணவர்களுக்கு மட்டும் உள்ள படிப்பு" என்றால் உஷார்!

திரும்பி வந்ததும் இங்கே தகுதிப் பரீட்சை உண்டு. 300-க்கு 150 வாங்க வேண்டும். பிறகு இந்தியாவிலும் ஒரு வருஷப் பயிற்சி.

இவற்றில் ஒன்று குறைந்தாலும், சுவரில் மாட்டிய பட்டம் சுவரிலேயே இருக்க வேண்டியதுதான். விதி தெரியாமல் சேர்ந்துவிட்டோம் என்று பின்னால் அழுது பயன் இல்லை. ஏஜெண்டு காட்டும் வண்ணப் புத்தகத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிகளைப் படித்தவர் ஒருவரை வைத்துப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

உள்ளூரிலும் எச்சரிக்கை வேண்டும். 1956-ம் வருஷச் சட்டப்படி, சட்டத்தால் அதிகாரம் பெற்ற பல்கலைக்கழகங்களும் ஸ்தாபனங்களும்தான் பட்டம் கொடுக்கலாம். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை யூ.ஜி.சி.யே வெளியிடுகிறது. சேருவதற்கு முன்பு ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

காகிதமே இல்லாதவர்கள்

சரி, சர்டிபிகேட்டே இல்லாதவர் என்ன செய்வது?

உயிர் தப்பினால் போதும் என்று ஓடி வருகிறவர் மார்க்கு பட்டியலையா எடுத்துக்கொண்டு வருவார்? இலங்கைக் கலவரத்துக்குப் பிறகு படகில் ஏறி வந்த தமிழர்களைத் திருச்சி நன்றாக அறியும். விமான நிலையத்துக்கு அருகில் கொட்டப்பட்டு முகாம் இருக்கிறது. இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு வழி உண்டு. இலங்கைப் பரீட்சைத் திணைக்களத்தில் பழைய பரீட்சை முடிவுகளுக்கு மீண்டும் சான்று வாங்கலாம்.

அதுவும் முடியாதவர்களுக்காக உலக நாடுகள் யோசித்திருக்கின்றன. 1997-ல் லிஸ்பன் நகரில் ஐரோப்பிய நாடுகள் செய்த ஒப்பந்தத்தில் ஒரு தனி ஷரத்து இருக்கிறது. அகதிகளிடம் பத்திரம் இல்லாவிட்டாலும், அவர்கள் படித்த படிப்பை நியாயமாக விசாரித்து மதிப்பிட வழி செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். நேரில் பேட்டி கண்டு, என்ன படித்தாய், யார் நடத்தினார், எந்த வருஷம் என்று கேட்டு, ஒரு சான்று கொடுக்கும் திட்டமும் 2017-லிருந்து ஐரோப்பாவில் நடக்கிறது.

இதற்கெல்லாம் முன்பே ஒரு தமிழரைக் கேம்பிரிட்ஜ் எடை போட்டது. அவர் கணித மேதை ராமானுஜன். கும்பகோணத்திலும் சென்னையிலும் கல்லூரிப் பரீட்சையில் தோற்றவர். கையில் பட்டம் கிடையாது. துறைமுக ஆபீசில் குமாஸ்தா. 1913-ல் அவர் எழுதிய கணக்குகளைப் பார்த்து ஹார்டி என்ற பேராசிரியர் வியந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. 1914-ல் கப்பல் ஏறினார். 1916-ல் கேம்பிரிட்ஜ் அவருடைய ஆராய்ச்சிக்காகவே பி.ஏ. பட்டம் கொடுத்தது.

காகிதத்தை ஒதுக்கிவிட்டு மனிதனின் அறிவையே உரைத்துப் பார்த்தார்கள். ஆனால் ராமானுஜன் ஒருவர். நம் வீட்டுப் பிள்ளைகள் லட்சம் பேர். ஹார்டி கிடைக்காதவர்களுக்குக் காகிதம்தான் துணை.

வீட்டில் செய்ய வேண்டியது

ஆகவே, இந்த ஞாயிற்றுக்கிழமையே பீரோவைத் திறந்து பாருங்கள்.

பத்தாம் வகுப்பு முதல் கடைசிப் பட்டம் வரை எல்லா சர்டிபிகேட்டும் இருக்கின்றனவா? எல்லாவற்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா? ஒவ்வொரு செமஸ்டரின் மார்க்கு பட்டியலும் இருக்கிறதா? பட்டம் வாங்காமல் "புரொவிஷனல்" சர்டிபிகேட்டோடு நிறுத்திவிட்டீர்களா?

தப்பு இருந்தால் இப்போதே கல்லூரிக்குப் போங்கள். நீங்கள் திருச்சியில் இருக்கும்போது கல்லூரி ஒரு பஸ் தூரம். டொரன்டோவுக்குப் போய்விட்டால் அதே கல்லூரி ஏழு கடலுக்கு அப்பால்!

லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். அசல் பத்திரத்தின் மேல் முத்திரை வைக்க வேண்டி வரும்போது கஷ்டம். பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தால் போதும்.